கடைசியாக வருபவரின் வேகத்தில் ஏறுங்கள்

உத்தராகண்டின் சோப்தாவிலிருந்து துங்கநாத் வழியாகச் சந்திரசிலைக்கு ஏற, சிறு குழுக்களாகப் புறப்படும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு,



சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உங்கள் பைகள் தயாராகிக்கொண்டிருக்கும். எட்டுப் பேரோ பத்துப் பேரோ சேர்ந்த குழு, கூடவே ஒரு வழிகாட்டி. உங்களில் பாதிப் பேர் மற்றவர்களை ஹரித்வார் ரயில் நிலையத்திலோ டேராடூன் விமான நிலையத்திலோதான் முதன்முதலாகப் பார்க்கப்போகிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் என்ன ஷூ வாங்குவது, ஜாக்கெட் வாடகைக்குக் கிடைக்குமா, உச்சியில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்றெல்லாம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பேச்சில் விட்டுப்போகிற ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

குழுவாக மலை ஏறுகிறவர்களின் முதல் கடமை, புறப்பட்ட அத்தனை பேரும் நல்லபடியாக இறங்கி வருவது. உச்சி அதற்கு அடுத்தது. ஆகவே குழுவில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகமே எல்லோருடைய வேகமாகவும் இருக்கட்டும். வழிகாட்டி ‘திரும்பலாம்’ என்றால் அதற்கு மேல் வாதம் வேண்டாம். இந்த இரண்டையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே உங்களுக்குள் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மூச்சு வாங்க மலைச்சரிவில் நிற்கும்போது நிதானமாகப் பேசி முடிவெடுக்க யாராலும் முடியாது.

சந்திரசிலைக்கு ‘எளிய ஏற்றம்’ என்று பெயர் வந்துவிட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சோப்தாவில் தார்ச்சாலையோரத்திலிருந்து துங்கநாத் கோயில் வரை கல் பாவிய பாதை இருக்கிறது. மூன்றரை, நான்கு கிலோமீட்டர் இருக்கும். பாட்டிமார்களும் கைக்குழந்தைக்காரர்களும் ஏறுகிறார்கள், முடியாதவர்கள் கோவேறு கழுதையில் போகிறார்கள். கோயிலுக்கு மேலே ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் உச்சி. காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் கால்களுக்கு எளிதாக இருப்பது நுரையீரலுக்கும் மூளைக்கும் எளிதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் பயணத்தின் உயரக் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் நீங்கள் கடல் மட்டத்தில் இருக்கிறீர்கள். அடுத்த நாள் காலை ரிஷிகேஷில் வண்டி ஏறி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய், மாலைக்குள் சோப்தாவை அடைகிறீர்கள். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். சோப்தாவின் சாலையோரத் தேநீர்க் கடையே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நம் மாநிலத்தின் உச்சி எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் உங்கள் நடை தொடங்குகிறது. மூன்றாம் நாள் விடியலில் 3,600 மீட்டருக்கு மேல் நிற்பீர்கள். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான், ஆனால் அங்கே காற்றழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைப்பது மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

உயரத்தால் வரும் மலைநோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சாப்பாட்டில் வெறுப்பு, அசதி, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். தினமும் ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர், இருபத்தைந்து வயதுக்காரர் யாருக்கும் இதில் சலுகை கிடையாது. உடல்வலு மலைநோயைத் தடுப்பதில்லை. வலு உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே முதலில் வருவதும் உண்டு. லேசான தலைவலி என்றால் அந்த உயரத்திலேயே நின்று, ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். அது குறையும்வரை மேலே ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், இருமலில் நுரை வந்தால், அந்த நிமிடமே கீழே இறக்க வேண்டும். விடியட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. கீழே இறங்குவதுதான் இதற்கு முதல் மருந்து. மாத்திரை வேண்டுமா என்பதைப் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் அதை ஏற்பாட்டாளரிடமும் வழிகாட்டியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் இரவில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

முடிந்தால் பயணத்தில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். சோப்தாவுக்குக் கீழே உள்ள ஊக்கிமட்டத்திலோ சாரி கிராமத்திலோ ஓர் இரவு தங்கி, சாரியிலிருந்து தேவரியாதால் ஏரிக்கு நடந்து வாருங்கள். சுமார் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஏரியில், வானம் தெளிந்த காலைகளில் சௌகம்பா சிகரம் தலைகீழாகத் தெரியும். உடம்பு உயரத்துக்குப் பழக அந்த ஒரு நாள் செய்யும் உதவியை எந்த விலையுயர்ந்த ஜாக்கெட்டும் செய்யாது. விடுப்பு மூன்று நாள்தான் என்றால் ஏற்றத்தை அடுத்த முறைக்குத் தள்ளிப்போடுவதும் நல்ல முடிவுதான்.

இனி, நம்மவர்களிடம் நான் மலையில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். தலை வலிக்கிறதா என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்’ என்பார்கள். தன்னால் மற்றவர்கள் காத்திருக்கக் கூடாது, தன்னால் யாருக்கும் உச்சி தவறக் கூடாது என்கிற நல்ல மனதிலிருந்துதான் அந்தப் பொய் வருகிறது. குறிப்பாக, பிள்ளைகளோடு வரும் பெற்றோர்களும், நண்பர்களோடு வரும் பெண்களும், குழுவில் யாரையும் தெரியாமல் தனியாக வந்து சேர்ந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். சொல்ல வைத்தது யார்? முன்னால் நடந்துபோய், பாறையில் உட்கார்ந்து, ‘இன்னும் வரலையா?’ என்று குரல் கொடுத்தவர்கள்தான். பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், ஓய்வெடுத்து முடித்த முன்வரிசைக்காரர்கள் எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. இதை மாற்ற ஒரே ஒரு ஏற்பாடு போதும். மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக நடக்க விடுங்கள். வேகமானவர்கள் பின்னால் வாருங்கள். நிற்கும் இடத்தில், கடைசி ஆள் வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே எல்லோரும் எழுங்கள்.

சிறு குழுவின் பயனே இதில்தான் இருக்கிறது. நாற்பது பேர் போகும் கூட்டத்தில் வழிகாட்டி தலைகளை எண்ண முடியும், முகங்களைப் பார்க்க முடியாது. பத்துப் பேர் என்றால் காலையில் யார் சாப்பிடவில்லை, யார் வழக்கத்தைவிடப் பேச்சைக் குறைத்திருக்கிறார், யார் கையுறையைக்கூட மாட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். அதிகப் பணம் கொடுத்துச் சிறு குழுவில் சேர்ந்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் தனித்தனியே ஏறினால் அந்தப் பணம் வீண்தான்.

உங்கள் வழிகாட்டி பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரராக இருப்பார். சாரி, மக்கு போன்ற ஊர்களின் இளைஞர்கள் பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். கார்வாலியும் இந்தியும் பேசுவார்கள். உங்கள் குழுவில் இந்தி தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள் என்றால், அவர்களில் ஒருவர் எப்போதும் குழுவின் பின்பகுதியில் நடக்கட்டும். வழிகாட்டி முன்னால் இருப்பதால், பின்னால் யாருக்காவது முடியாமல் போனால் உதவி தேவைப்படும். மற்றவர்களும் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘சிர் மே தர்த் ஹை’ என்றால் தலை வலிக்கிறது, ‘சக்கர் ஆ ரஹா ஹை’ என்றால் தலை சுற்றுகிறது. வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்கத்தான் கூட வருகிறார்.

அவர் பார்க்கும் மலையும் நீங்கள் பார்க்கும் மலையும் ஒன்றல்ல. சௌகம்பாவின் தோளில் ஒரு சிறு மேகம் ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் படம் எடுப்பீர்கள். இன்னும் எத்தனை மணி நேரம் பாதை திறந்திருக்கும் என்று அவர் கணக்குப் போடுவார். வெயில் காலப் பிற்பகல்களில் இடியும் ஆலங்கட்டி மழையும் வரும், மொட்டையான உச்சியில் நிற்கிறவர்களுக்கு மின்னலிலிருந்து ஒதுங்க இடமே கிடையாது. பனிக்காலத்தில் கல்பாதையின் மேல் படிந்த பனி இரவில் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். காலில் மாட்டும் பல்சங்கிலி இல்லாமல் அதில் கால்வைப்பது ஆபத்து. இதையெல்லாம் பார்த்துத்தான் அவர் விடியலுக்கு வெகு முன்பே எழுப்புகிறார், இத்தனை மணிக்குள் எட்டாவிட்டால் திரும்புவோம் என்று நேரம் வைக்கிறார். அந்த நேரம் வந்ததும், ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் பத்து நிமிஷம்’ என்று அவரிடம் பேரம் பேசாதீர்கள். அவர் வருமானம் உங்கள் மகிழ்ச்சியை நம்பியிருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து வற்புறுத்தினால் மறுக்க முடியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பில் அவரை நிறுத்தாமல் இருப்பது நம் பொறுப்பு.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில், இதே உத்தராகண்டின் சகஸ்ரதால் பாதையில் திடீரென மோசமான வானிலையில் மாட்டிக்கொண்ட கர்நாடகக் குழுவில் 9 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்தில் யார்மீதும் பழிசுமத்த நான் வரவில்லை. மலையில் நிலைமை சில மணி நேரத்துக்குள் தலைகீழாக மாறும், அதற்குள் முடிவெடுக்கவேண்டியவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆகவே பணம் கட்டும் முன்பே ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முன்னால் ஒருவர் போனால், கடைசி ஆளோடு நடக்க இன்னொருவர் உண்டா? ஒருவர் பாதியில் இறங்க வேண்டியிருந்தால் அவரோடு யார் இறங்குவார்? முதலுதவிப் பெட்டியும், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும், ஆக்சிஜன் சிலிண்டரும் உண்டா? அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சமையல்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும் காப்பீடு இருக்கிறதா, குளிருக்கு நல்ல உடை இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற ஏற்பாட்டாளர் உங்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்.

அந்த மலைக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நீங்கள் நடக்கும் நிலம் கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயம். 1972ல் அமைக்கப்பட்ட அது, கஸ்தூரி மானுக்கு உறைவிடம். மார்ச், ஏப்ரலில் புராஞ்ச் மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கும். மோனால் பறவை புதரிலிருந்து புதருக்கு இறங்கும். மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கு மேலே, புக்யால் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் புல்வெளிகள் தொடங்குகின்றன. ஆண்டில் பல மாதங்கள் பனிக்கு அடியில் கிடந்து, மிச்சமுள்ள சில மாதங்களுக்குள் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிக்கவேண்டிய புல் அது. வளைவைச் சுற்றிப் போகாமல் குறுக்கே இறங்கும் ஒவ்வொரு காலும் அந்தப் புல்லின் வேரை அறுக்கிறது. அடுத்த மழையில் அந்த வழியே மண் கரைந்து ஓடும். 2018ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது இதனால்தான். யாராவது ‘புல்வெளியில் கூடாரம் போட்டுத் தருகிறோம்’ என்று ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். கல்பாதையை விட்டு இறங்காதீர்கள். மிட்டாய்க் காகிதம், ஈரத்துடைப்புத் தாள், நாப்கின் எல்லாவற்றையும் உங்கள் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள். பாட்டுப்பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சோப்தாவிலிருந்து கோபேஷ்வர் போகும் சாலையில் மண்டல் என்றொரு ஊர் இருக்கிறது. 1973ல், விளையாட்டுப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது, சண்டி பிரசாத் பட்டும் அந்த ஊர் மக்களும் திரண்டு நின்று வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிப்கோ இயக்கம் அங்கிருந்துதான் கிளம்பியது. உங்களுக்கு நிழல் தரும் காடுகள் சும்மா மிஞ்சி நிற்கவில்லை. விறகுக்கும் புல்லுக்கும் தினமும் மலை ஏறும் சாதாரண மனிதர்கள் அவற்றைக் காத்து நின்றார்கள். வழியில் முதுகில் புற்கட்டோடு எதிரே வரும் பெண்களுக்கு, மலைப்பக்கமாக ஒதுங்கி வழி விடுங்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

துங்கநாத் கோயில், பஞ்ச கேதாரங்கள் எனப்படும் ஐந்து சிவன் கோயில்களில் மிக உயரத்தில் இருப்பது. பனிக்காலத்தில் நடை சாத்திவிடுவார்கள், அப்போது உற்சவமூர்த்தி கீழே மக்குமட்டத்தில் இருப்பார். பழமையான அந்தக் கற்கோயில் மெல்லச் சாய்ந்திருப்பதை இந்தியத் தொல்லியல் துறை 2023ல் கண்டறிந்து சொன்னது. கோயில் சுவரில் சாய்ந்துகொண்டும், சிறு கோயில்களின் மேல் ஏறி நின்றும் படம் எடுக்கிறவர்களை நீங்கள் பார்க்க நேரும். அவர்களில் ஒருவராக இராதீர்கள். கதவு சாத்தியிருக்கும் காலத்திலும் அது வழிபாட்டு இடம்தான்.

உச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வானம் ஒத்துழைத்தால், வடக்கே 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா நான்கு கொம்போடு மிக அருகில் நிற்கும். கிழக்குப் பக்கம் நந்தா தேவியும் திரிசூலும் தெரியும். இருட்டு விலகாத பள்ளத்தாக்குகளுக்கு மேலே, உயரமான முனைகளில் மட்டும் முதல் வெயில் பட்டு, நிறம் மாறி, மெல்லக் கீழிறங்கும். ராவணவதத்துக்குப் பிறகு ராமன் இங்கே தவம் செய்ததாக உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். ராமேசுவரத்தில் அதே கதையின் வேறு முடிவைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த இடம் உடனே சொந்தமாகிவிடும். அதைப் பார்க்கும் ஆசை நியாயமானது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன்.

ஆனால் பார்க்க முடியாமல் திரும்பினால் அது தோல்வி என்று மட்டும் நினைக்காதீர்கள். கேதார்நாத் என்கிற கேதாரத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவை எண்ணிப் பாருங்கள். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்தைப் பாடியது காளத்தியில் நின்றுதான். அதனால் அவர்கள் பதிகங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, கேதாரம் இன்றும் தேவாரத் தலங்களில் ஒன்றுதான். கயிலைக்கு நடந்தே தீருவேன் என்று உடல் தேயப் போன அப்பருக்கும் காட்சி கிடைத்தது திருவையாற்றில் என்கிறது பெரியபுராணம். எட்டாத மலையைத் தள்ளி நின்று வணங்குவதற்கு நம் மரபில் பெருமையான இடம் இருக்கிறது. துங்கநாத்திலிருந்து தெரிவதும் இமயம்தான். சோப்தாவின் புல்மேட்டிலிருந்து தெரிவதும் இமயம்தான்.

துங்கநாத்தில் ஒரு முறை ஒரு குழுவைக் கண்டேன். நடுவயதுப் பெண்மணி ஒருவருக்குக் குமட்டல். வழிகாட்டி அவரை மேலே போக வேண்டாம் என்றார். உதவியாளர் அவரோடு இறங்குவதாகவும், மற்றவர்கள் உச்சிக்குப் போகலாம் என்றும் ஏற்பாடு ஆனது. அப்போது குழுவிலிருந்த இளைஞர் ஒருவர், அந்தம்மாவுக்கு உறவோ பழைய நட்போ இல்லாதவர், ‘நானும் கூட வரேன்மா, இந்தி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உங்க பக்கத்துல இருக்கட்டும்’ என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்காக யாரும் அவரைப் பாராட்டிப் பேசவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. இயல்பாக நடந்த அந்தக் காரியத்தைத்தான் ஒவ்வொரு குழுவிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த மடலை உங்கள் குழுவில் எல்லோரும் படியுங்கள். பிறகு ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு வாக்குக் கொடுங்கள்: உடம்புக்கு ஏதாவது ஆனால் மறைக்க மாட்டேன், கடைசியாக வருபவரை விட்டுவிட்டு முன்னால் போக மாட்டேன், திரும்பச் சொன்னால் திரும்புவேன், என் குப்பையை நானே சுமப்பேன். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் இருந்தால், அவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், ‘இந்த மலைக்கு நீ எங்களோடு வர வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். அந்த வருத்தம் சில நாளில் ஆறிவிடும். ஒப்புக்கொண்டவர்கள் தயங்காமல் புறப்படுங்கள். நல்லபடியாகப் போய், எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வாருங்கள்.

அன்புடனும் அக்கறையுடனும்,
அந்தப் பாதையில் உங்களுக்கு முன்னால் நடந்த ஒருவர்